கூப்பிட ஆளில்லாத ஊரில் வீடு வாங்குவது

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் மகளும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீங்களும், எனக்குத் தங்கைக்குச் சமமான உங்கள் வீட்டுக்காரியும், பிள்ளைகளும், நம் குழாய்க் கடையும், பாதியில் சிக்கிக்கொள்ளும் அந்தக் கடை ஷட்டரும் நலமா? ஷட்டரையெல்லாம் நலம் விசாரிக்கிறாரே, அத்தானுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒன்றும் ஆகவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கரகரவென்று எதுவும் மேலே ஏறும் சத்தம் கேட்காததால், விடிந்ததா இல்லையா என்பதில் மட்டும் காலையில் கொஞ்சம் சந்தேகம் வருகிறது.

நீங்கள் போனில் அனுப்பிய செய்தி கிடைத்தது. "அத்தான், பின்பக்கத்துக் கிடங்கை வித்தாச்சு. பணம் சும்மா கிடக்கு. உங்க ஊர்ல ஒரு வீடு வாங்கிப் போட்டா என்ன? யோசனை சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் "ஆமா அத்தான், சரி அத்தான், வச்சிடட்டுமா அத்தான்" என்று முடித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அது போகட்டும், 'உங்க ஊர்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை மட்டும் திரும்பப் படித்தேன். இது எப்போது மாப்பிள்ளை என் ஊரானது? எங்கள் தெருவின் பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை. டாக்சிக்காரரிடம் சட்டைப்பைச் சீட்டை எடுத்துக் காட்டித்தான் வீடு வந்து சேர்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். வெளிநாட்டில் வீடு வாங்குவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அடிபட்டுத் தெரிந்துகொண்டது. அதை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன். நான் எதையும் இலவசமாகத் தருபவன் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் மதித்துப் படியுங்கள்.

வந்த சூட்டோடு வீடு வாங்கக் கூடாது. ஒரு வருடமாவது வாடகைக்கு இருந்து, வெயில், மழை, குளிர் எல்லாவற்றிலும் அந்தத் தெரு எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பேச்சே எடுக்க வேண்டும். மகள் இதைப் படித்துப் படித்துச் சொன்னாள். "வாடகை கொடுக்கிறதும் காசைச் சாக்கடையில கொட்டறதும் ஒண்ணு" என்று நான் சட்டையை மாட்டிக்கொண்டு தரகரோடு கிளம்பிவிட்டேன். போன முதல் வீடே மனதுக்குப் பிடித்துவிட்டது. முன்னால் கையகலத் தோட்டம், மரக் கதவு, உள்ளே நுழைந்தால் பெரிய சமையலறை. அங்கே தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல், அதன் அருகில் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி போட்டு உட்காரலாம். சொந்தக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்த அம்மாள் வணக்கம் சொல்லி வாய் மூடுவதற்குள் நான் வீட்டிலிருந்த குழாய்களை எல்லாம் திறந்துவிட்டு, சுவரில் காதை வைத்துத் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனையும் பித்தளை, மாப்பிள்ளை. இப்போது வருகிற மாதிரி மேலே பூச்சும் உள்ளே காற்றும் இல்லை, கையில் எடுத்தால் கனம் தெரிகிற பித்தளை. எனக்கு அப்போதே அந்த வீட்டில் குடியேறிவிட்ட மாதிரி இருந்தது.

பிடித்துப்போனால் என்ன செய்ய வேண்டும்? முகத்தைச் சுளிக்க வேண்டும். நம் தொழிலின் பாலபாடம், சுளித்தேன். மகளிடம், "சுவர்ல ஈரம் ஏறியிருக்குன்னு சொல்லு. குழாயெல்லாம் அரதப் பழசு. தோட்டம் தண்டம்" என்றேன்.

"அப்பா, இதையெல்லாம் நான் அப்படியே சொல்ல மாட்டேன்."

"சொல்லும்மா. அப்பதான் இறங்கி வருவாங்க."

சொன்னாள். அந்த அம்மாள் இறங்கி வரவில்லை. சுவரருகே போய், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போலப் புறங்கையை வைத்துப் பார்த்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவர் கேட்டதில் பாதி விலையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நானும் தலையை ஆட்டினேன். பிறகு, வழக்கம் போல எழுந்து நடந்தேன்.

எழுந்து நடப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நம் கடையில் அது பாதி வியாபாரம். நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி விலையில் நிற்பேன். வாடிக்கையாளர் "வேணாம் விடுங்க" என்று எழுந்து படியிறங்குவார். கல்லாவிலிருந்து நீங்கள் அவர் முதுகைப் பார்ப்பீர்கள். "அத்தான், இது திரும்பி வர்ற முதுகு, விடுங்க" என்பீர்கள், சொன்ன மாதிரியே திரும்பி வருவார். சில முதுகைப் பார்த்ததும், "ஐயோ, இது போற முதுகு" என்று செருப்பு கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, "அண்ணே! என்னண்ணே கோபம், உள்ள வாங்க, பேசிக்கலாம்" என்று தோளில் கை போட்டு அழைத்து வருவீர்கள். இத்தனை வருடத்தில் ஒரு முதுகைக் கூட நீங்கள் தப்பாகப் படித்ததில்லை.

அந்தப் பழக்கத்தில் நடந்தேன். தோட்டத்தில் மெதுவாக நடந்தேன். வாசல் கேட்டருகே குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். செருப்பைவிட ஷூவில் இது ஒரு வசதி. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சரி, யோசிக்கட்டும் என்று தெருமுனை வரை போனேன். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அவங்க கூப்பிட மாட்டாங்க. இங்க அப்படிக் கூப்பிடற வழக்கம் கிடையாது."

"இரும்மா. வருவாங்க. ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுதான் இருப்பாங்க."

ஒரு பேருந்து வந்தது, விட்டேன். இன்னொன்று வந்தது, ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து என்னையே பார்த்தார், கையசைத்து அனுப்பினேன். அடுத்ததில் மகள் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். மறுநாள் போன் போட்டால், அந்த அம்மாள் கேட்ட விலைக்கே வீட்டை ஒருவர் வாங்கிவிட்டாராம், அதுவும் ஒரு நாய்க்காக. தோட்டம் நாய்க்கு நல்லதாம். அந்த அம்மாள் தரகரிடம், "அவருக்குத்தான் வீடு பிடிக்கவில்லையே பாவம், எழுந்து போய்விட்டாரே" என்றாராம். ஒரு மனிதன் எழுந்து போனால் போய்விட்டான் என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிற ஊர் இது, மாப்பிள்ளை. இதைவிடப் பெரிய எச்சரிக்கை என்ன வேண்டும்?

ஆத்திரத்தில் அதற்கு நேர் எதிரே இருந்த அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்கினேன். ஆத்திரத்தில் வாங்கக் கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மத்தியானம் போய்ப் பார்த்தால் எல்லா அடுக்குமாடியும் அமைதியாகத்தான் இருக்கும், மேல்வீட்டுக்காரர் இரவுப் பணி முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். சாயங்காலம் போய்ப் பாருங்கள், அவர் எழுந்து ஷூவோடு உலாத்துவார். விற்பவர் காட்டிய வக்கீலிடம் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், உங்களுக்கென்று ஒரு வக்கீல் வையுங்கள். புரியாத மொழியில் இருந்தால் ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்து வாங்கிய பிறகு பேனாவைத் திறங்கள். முக்கியமாக, சுவருக்குள் இருப்பதில் எது உங்களுடையது, எது எல்லோருக்கும் பொது என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் நான் பட்ட பாடு இருக்கிறதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் குழாய் சொட்டியது. உள்ளே ஒரு வாஷர், அவ்வளவுதான். பிளம்பருக்குச் சொல்லிவைத்தால் அடுத்த வாரம் வருவார் என்றாள் மகள். ஆயுசு முழுக்கக் குழாய் விற்றவன் பிளம்பருக்குக் காத்திருக்க வேண்டுமா? கீழே நிலவறைக்குப் போனேன். சிவப்புச் சக்கரம் வைத்த வால்வு ஒன்று, என்ன லட்சணமான வால்வு, நம் கடையில் வைத்தால் கண்ணாடிக்குள் வைப்போம். திருகி மூடினேன். மேலே வந்து வாஷரை மாற்றினேன். மாற்றிய திருப்தியில் டீயைக் குடித்துக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி. உங்கள் அக்கா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னங்க, உங்களைப் பார்க்க மாடி பூரா வந்திருக்கு" என்றாள். வாசலில் துண்டு கட்டிய ஒருவர் தலையெல்லாம் நுரையோடு நிற்கிறார். அவர் பின்னால் மாவுக் கையோடு ஒரு பெண்மணி, பாதி சவரம் செய்த முகத்தோடு மேல்வீட்டுக்காரர், படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். நான் மூடியது எங்கள் வீட்டு வால்வு இல்லையாம், கட்டடம் மொத்தத்துக்கும் அதுதானாம். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனாலும் அத்தனை பேர் என் எதிரே நின்று தண்ணீர் வரவில்லை, தண்ணீர் வரவில்லை என்று கையை ஆட்டியதும் எனக்கு நம் கடையின் சாயங்கால நேரம் நினைவுக்கு வந்துவிட்டது. என்னை அறியாமல், "ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க, எல்லாருக்கும் பார்த்துடலாம்" என்று தமிழிலேயே சொன்னேன். நுரைக்காரர் கத்துவதை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு உங்கள் அக்கா சொன்னாள். குடியிருப்போர் சங்கத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் கூடாது, மாடத்தில் துணி காயப்போடக் கூடாது, பொது வால்வைத் தொடக் கூடாது. இதெல்லாம் வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டியது.

இங்கே எதற்கும் பேரம் கிடையாது. எல்லாவற்றிலும் விலை ஒட்டியிருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்க் காசைக் கொடுக்க வேண்டும், நன்றி என்பார்கள், முடிந்தது. ஒரு நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினாலும் யாரிடமும் சண்டை போட வழியில்லை. மழைக்காலத்தில் குடை வாங்கப் போனேன். பிடி லேசாக ஆடியது. கல்லாவில் இருந்த பெண்ணிடம் பிடியை ஆட்டிக் காட்டி, குறைத்து ஒரு தொகையை எடுத்து வைத்தேன். அவள் விலைச் சீட்டைக் காட்டினாள். நான் மறுபடி பிடியை ஆட்டினேன். அவள் மறுபடி சீட்டைக் காட்டினாள். குடையை வைத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தேன். பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டது பாருங்கள், நெஞ்சு நிறைந்துவிட்டது! கடைசியில் இந்த ஊரிலும் ஒருத்தி கூப்பிட்டுவிட்டாள் என்று சிங்கம் மாதிரி திரும்பினேன். அந்தப் பெண் குடையை விரித்து என் கையில் கொடுத்து, நான் வைத்த தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு, என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தால், குறைந்த சில்லறையைத் தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கல்லாவில் போடுகிறாள். கிழவன் கையில் காசில்லை என்று நினைத்துவிட்டாள், மாப்பிள்ளை. மறுநாள் உங்கள் அக்காவோடு போய்த் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் குடையை இன்னும் நான் விரிப்பதில்லை, கையில் வைத்துக்கொண்டு நனைகிறேன்.

உங்கள் அக்காவைக் கேட்கிறீர்களா? அவளுக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்குக் குறை. மொழி வகுப்புக்குப் போகிறாள். மாவுக்கைப் பெண்மணியும் அவளும் இப்போது உயிர்த் தோழிகள், எந்த மொழியில் சிரித்துக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. "ஏங்க ஜன்னலையே கட்டிக்கிட்டு அழறீங்க, வெளிய வாங்களேன்" என்பாள். ஜன்னலில் நான் என்ன செய்கிறேன்? எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்க்கிறேன். இரண்டு நாற்காலி போட வேண்டிய இடத்தில் அந்த நாய்க்காரர் நாய்க்கு மெத்தை போட்டிருக்கிறார். நாய் என்னைப் பார்க்கும், நான் நாயைப் பார்ப்பேன். இந்த ஊரில் எனக்கு நீண்ட நாள் பழக்கம் அதனோடுதான்.

'வாங்கிப் போடலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கிப் போடுவது என்பது இங்கே நடக்காது. பூட்டிப் போட்ட வீட்டுக்கும் வரி உண்டு, பராமரிப்பு உண்டு, காப்பீடு உண்டு. குளிர்காலத்தில் ஆள் இருந்து வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் ஓடாவிட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து, குழாயே வெடிக்கும். நம்ப மாட்டீர்கள், பித்தளை வெடிக்கும்! வாங்கினால் வந்து இருக்க வேண்டும். நீங்கள் எங்கே வரப் போகிறீர்கள்? அதனால் வேண்டாம்.

இன்னொன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன், கேட்டுவிடுகிறேன். கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு ஏசி வைத்துவிடலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். கண்ணாடிக் கதவு வந்தால் போகிறவரைக் கூப்பிட்டால் கேட்காது என்று நான் சொன்னேன். வார்த்தை தடித்தது. "அப்படின்னா நீங்களே நடத்துங்க, நான் மக கிட்டயே போயிடறேன்" என்று எழுந்தேன். எழுந்தவன் உடனே போனேனா? சாவிக்கொத்தை எடுத்துத் திரும்ப வைத்தேன். வாசலில் செருப்பு மாட்ட யாருக்கும் அவ்வளவு நேரம் ஆகாது. கல்லாவிலிருந்து நீங்கள் என் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள், அது எனக்குத் தெரியும். பிறகு, "சரி அத்தான். அங்க குளிருமே, ஸ்வெட்டர் ரெண்டு எடுத்துக்குங்க" என்றீர்கள். மறுநாள் பெட்டி வாங்கி வந்தீர்கள். அதுவும் நல்ல பெட்டி, சக்கரம் வைத்தது. இத்தனை முதுகைச் சரியாகப் படித்த மனிதர் என் முதுகில் என்ன படித்தீர்கள்? விமான நிலையத்தில் நான் உள்ளே போன பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ சொன்னீர்கள். வாய் அசைந்தது. கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று நானும் இதுவரை கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை.

போகட்டும், வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் முடிவான யோசனை: வாங்க வேண்டாம். பணத்தைப் பிள்ளைகள் பேரில் வங்கியில் போடுங்கள். நான் இங்கே எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறேன். என்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காக யாரும் இடம் வாங்க வேண்டியதில்லை.

தங்கைக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு ஆசியையும், கடை ஆட்களுக்கு என் விசாரிப்பையும் சொல்லுங்கள். ஷட்டருக்கு எண்ணெய் விடாதீர்கள், அந்தச் சத்தம் அப்படியே இருக்கட்டும். எல்லோரும் நோய் நொடியில்லாமல் நிறைந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியும் ஆயிற்று, பிரித்து எழுதுகிறேன். எதிர்வீட்டு நாய்க்காரருக்கு வேறு ஊரில் வேலையாம், தோட்டத்தில் விற்பனைப் பலகை நட்டிருக்கிறார்கள். குடையை எடுத்துக்கொண்டு அப்படியே இறங்கிப் போனேன். அதே தரகர், என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார். விலையைச் சொன்னார். மாப்பிள்ளை, நான் "சரி" என்றேன். சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைக் கூடச் சுளிக்கவில்லை. மகள், "அப்பா, உடம்புக்கு ஏதாவது செய்யுதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இந்த மனிதர் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டால் உள்ளே ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று பயந்து தரகரே கொஞ்சம் குறைத்தார். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன், வியாபாரிதானே. உங்கள் பேரில் முன்பணத்தை நான் கட்டிவிட்டேன். மேலே எழுதியதெல்லாம் சரிதான், ஆனால் அது வேறு வீடுகளுக்கு. கையெழுத்துப் போட நீங்கள்தான் நேரில் வர வேண்டும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வந்து பாருங்கள். வேண்டாம் அத்தான், பிடிக்கவில்லை என்று எழுந்தீர்களானால் எழுந்துகொள்ளுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் நீங்கள் அந்தத் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிடுவேன். அந்த வீட்டுக் கதவில் கண்ணாடி கிடையாது, பார்த்துவிட்டேன்.